ஃபாஸ்டருக்குத் தமிழில் என்ன?

"கூண்டு எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டார் அலுவலகத்திலிருந்து வந்தவர்.

அகராதிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தைக்கென்று மஞ்சள் வர்ணம் அடித்து, சின்னக் கட்டில் போட்டு வைத்த அறையை அவர் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பொண் குழந்தை சார். ஆறு வயசு. அவளுக்கு எதுக்குக் கூண்டு?"

"குழந்தையா? நான் கால்நடைப் பிரிவு சார். 'வளர்ப்பு'ன்னு எழுதியிருக்கீங்க. நாயா பூனையான்னு பாக்க வந்தேன்."

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவதுதான் அகராதிக்காரரின் உத்தியோகம். காப்பகத்துக் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கக் கேட்கும் விண்ணப்பத்தில் 'ஃபாஸ்டர்' என்று அச்சடித்து, எதிரே 'தமிழில் எழுதுக' என்று கோடு போட்டிருந்தார்கள். அவரும் அழகாக எழுதிக் கொடுத்திருந்தார். அது இப்படி வாலை ஆட்டிக்கொண்டு வரும் என்று கண்டாரா?

மனைவி கட்டில் விரிப்பை நீவியபடி நின்றாள். காப்பகத்தில் அந்தச் சிறுமி ஒரே ஒரு தடவை இவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்றிலிருந்து இவளுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, வேலையும் ஓடவில்லை. கடையில் சின்னச் செருப்பைப் பார்த்தால்கூட நின்றுவிடுகிறாள்.

மறுநாளே அகராதிக்காரர் அலுவலகத்துக்கு ஓடினார். பிரிவு பிரிவாக ஃபைல் சுமக்கும் அம்மாள்தான் வாசலில் இருந்தாள்.

"சொல்லுல தப்பு பண்ணிட்டேம்மா. வேரைப் பாத்திருக்கணும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு உணவுன்னுதான் அர்த்தம். சாப்பாடு போடுறதுதான் வளர்க்கிறதுன்னு அப்புறம் ஆச்சு."

"அப்படியா சார்? மாத்தி எழுதிக் குடுங்க."

'உணவூட்டல்' என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து உணவுப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, குளிர்பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"தினம் எத்தனை பேர் சாப்பிடுவாங்க? லைசென்ஸ் எங்க?"

"நாங்க ரெண்டு பேருதாங்க!"

"ரெண்டு பேருக்கு எதுக்கு சார் கேன்டீன்?"

அகராதிக்காரர் விடவில்லை. வேர் எல்லாம் வேண்டாம், ஆபீஸ்காரர்களுக்குப் புரிகிற சொல்லாக இருக்கட்டும் என்று 'பராமரிப்பு' என்று எழுதினார். அடுத்த மாதம் ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். கட்டடப் பராமரிப்பாம். ஈரம் இருக்கிறதா என்று மஞ்சள் சுவரைக் கொத்திப் பார்த்தார்கள். இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

சின்னக் கட்டில் முழுக்கக் காரை. மனைவி அதைத் தட்டக்கூட இல்லை.

"உங்க வார்த்தை எல்லாம் சரியாத்தாங்க இருக்கு. புள்ளைதான் வரல" என்றாள்.

இருபது வருடம் சொல்லோடு மல்லுக்கட்டியவர், விரிப்பை எடுத்துக் காரையை உதறினார். அவருக்கும் அந்தப் பெண் வேண்டும். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நான்காம் தடவை அலுவலகம் போனார். கோட்டின் மேல், 'அவள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்' என்று எழுதினார். ஃபைல் அம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரமே குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து வந்து பார்த்தார்கள். பத்தே நாளில் அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றாள். கூட்டிக்கொண்டு வந்தது ஃபைல் அம்மாள். மனைவி குழந்தையை அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அகராதிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் உத்தியோகப் புத்தி விடுமா?

"பாத்தீங்களாம்மா? கடைசியில சரியான வார்த்தையைப் பிடிச்சுட்டேன்!"

ஃபைல் அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் வார்த்தையே சரிதான் சார், இதுக்கு முந்தி இவளைக் கூட்டிட்டுப் போன ரெண்டு குடும்பமும் ஒரே மாசத்துல திருப்பி விட்டுட்டாங்க, அதான் நீங்க எத்தனை தடவை திரும்பி வருவீங்கன்னு பாக்க, ஃபைலை நானே பிரிவு மாத்தி மாத்தி வெச்சேன்."