ரெண்டு தடவை படித்தவர்

"படிச்சுட்டேங்க. ரெண்டு தடவை படிச்சுட்டேன்" என்று வாயிலிருந்து வந்து விழுந்த பிறகுதான், அந்தப் புத்தகம் இன்னும் தன் கைக்கே வந்து சேரவில்லை என்பது வல்லரசுவுக்கு உறைத்தது.

போனில் அந்தப் பக்கம் இருந்த தேவநாதன் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு தடவையாங்க?"

"ஆமாங்க. கீழ வைக்க மனசு வரலை."

"ரொம்ப சந்தோஷம் தம்பி. போன வாரம் அனுப்புனது வந்துச்சோ வரலையோன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சாயந்திரம் வந்துடறேன். எதை வேணா கேளுங்க."

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற உள்ளூர் டிவியில் 'வாய்தா கிடையாது' என்ற நிகழ்ச்சியை நடத்துபவன் வல்லரசு. கையில் அதிகாரம் வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மரியாதையாகப் பேசிக்கொண்டே மானத்தை வாங்குவது அவன் தொழில். புத்தகம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் என்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. எழுதியவரே மறந்துபோன வரியை எடுத்து வைத்துக்கொண்டு மடக்குவான். பையன் எவ்வளவு படிக்கிறான் பார் என்று ஊரே மெச்சியது.

படித்தது அவன் இல்லை. கேமரா பிடிக்கும் மெர்லின்தான் புத்தகத்தைப் படித்து, எங்கே கடிக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பாள். இது டிவி முதலாளி ஜெகதீசனுக்குக்கூடத் தெரியாது.

இன்றைக்கு வரப்போகிற தேவநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. முன்னாள் அமைச்சர் முருகையனுக்கு இருபது வருஷம் பி.ஏ.வாக இருந்தவர். அமைச்சருக்குப் பதவி போய், கட்சியில் இருந்த செல்வாக்கும் கரைந்த பிறகு, 'கதவுக்கு வெளியே நின்றவன்' என்று சுயசரிதை எழுதிவிட்டார் என்று பேச்சு. நாளைக் காலை திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள மாவட்டமே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தது.

ஜெகதீசனும் காத்திருந்தார். "இந்த வாட்டி லைவ். இதுல சொதப்புனே, அடுத்த வாரத்துல இருந்து உன் நேரத்தை மூலிகை வைத்தியருக்குக் குடுத்துடுவேன். அவர் காசு குடுத்து வந்து உக்காருறாரு. உனக்கு நான் குடுக்கவேண்டியிருக்குது" என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மெர்லின், அந்த பி.ஏ. புக்கு எங்கம்மா?"

"வரலையே."

"போன வாரமே அனுப்பிட்டேன்னு சொல்றாரே."

"வந்திருந்தா நான் படிச்சிருக்க மாட்டேனாண்ணா? நீங்க என்னைக்கு புக்கைப் பிரிச்சீங்க, இன்னைக்குத் தேடறதுக்கு?"

இரண்டு பேரும் அலுவலகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கூரியர் ஆபீசுக்குப் போய்க் கேட்டார்கள். அங்கே மூலிகை வைத்தியர் அனுப்பிய தைலப் பெட்டி ஒன்றுதான் ஜெகதீசன் பெயருக்கு வந்து கிடந்தது. வல்லரசு அதைத் தொடாமல் திரும்பி நடந்தான்.

"உள்ளதைச் சொல்லிடுங்கண்ணா" என்றாள் மெர்லின்.

"ரெண்டு தடவை படிச்சேன்னு சொல்லிட்டேன்மா."

"ஒரு தடவைன்னு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை."

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மறுபடி தேவநாதனுக்குப் போன் போட்டு, கேமராவில் காட்டப் புத்தகம் ஒன்று வேண்டும், கொஞ்சம் முன்னாடியே வாருங்கள் என்று குழைந்தான். அவர் உட்கார்ந்து டீ குடிக்கிற நேரத்தில் மெர்லின் நாலு பக்கம் புரட்டிவிட்டால் போதும், மீதியை வாயால் சமாளித்துவிடலாம் என்பது திட்டம்.

தேவநாதன் கூட்டேரிப்பட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, நிகழ்ச்சி தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். மெலிந்த மனிதர். மடிப்புக் கலையாத சட்டை. யார் என்ன சொன்னாலும் லேசாகத் தலையை ஆட்டுகிற பழக்கம். கையில் புத்தகம் இருந்தது. ஆனால் அது மினுமினுக்கும் பரிசுத் தாளில் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் ரிப்பன் கட்டி இருந்தது.

"பிரிச்சு வெச்சுடவா சார்?" என்று மெர்லின் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"ஐயோ வேணாம்மா. நாளைக்கு மேடையில பெரியவங்க கையாலதான் பிரிக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்று சொல்லிவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். டீ குடிக்கும்போதுகூட ஒரு கையைத்தான் எடுத்தார்.

லைவ் தொடங்கிவிட்டது.

வல்லரசு பொதுப்படையாக ஆரம்பித்தான். "அமைச்சர் வீட்டுல உங்களுக்கு இன்னா வேலைங்க?"

"அதான் முதல் அத்தியாயத்துலேயே வருதே."

"அவர் கோபக்காரர்னு சொல்றாங்களே?"

"நீங்க படிச்சிருக்கீங்களே."

"அதிகாரிங்களை மிரட்டுவாருன்னு..."

"உங்களுக்குத் தெரியாததாங்க?"

இப்படியே போனது. கம்ப்யூட்டர் திரையில் பார்க்கிறவர்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெகதீசன், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வல்லரசுவைப் பார்த்தார். யாருக்குப் போடுகிறார் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தேவநாதன் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி ரெண்டு தடவை படிச்சிருக்காரு. அவருக்குப் புடிச்ச இடத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்க. நான் சொன்னா தற்பெருமை ஆயிடும்."

வல்லரசு வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதித்தான்.

"எனக்கு ரொம்பப் புடிச்சது, அந்த மூட்டை விஷயம்தாங்க."

மெர்லின் கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அதாவது மக்களே, ரோடு போட்டுக் குடுங்கன்னு கேக்கறதுக்கு அனந்தபுரத்துல இருந்து ஒரு வேன் நெறைய ஜனங்க வந்துடறாங்க. நம்ம அமைச்சர் இன்னா பண்றாரு, பின்கட்டுக்கு ஓடிப்போயி மல்லாட்டை மூட்டைங்களுக்கு நடுவுல, கடலைத் தூசியோட தூசியா ஒளிஞ்சிக்கிறாரு. சார் வாசல்ல நின்னுக்கினு, 'அண்ணன் சென்னைக்குப் போயிட்டாரு'ன்னு சொல்றாரு. சரிதானுங்களே?"

சொல்லிவிட்டுத் தேவநாதன் வாயையே பார்த்தான். இந்த மனிதர் "அப்படி எதுவும் இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தைலப் பெட்டி இந்த மேசைக்கு வந்துவிடும்.

தேவநாதன் அவனை ஒரு தினுசாகப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஆமாங்க. எவ்வளவு கரெக்டா ஞாபகம் வெச்சிக்கினு இருக்கீங்க. அப்புறம் இன்னா ஆச்சு, அதையும் சொல்லுங்க."

வல்லரசுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. குருட்டாம்போக்கில் எறிந்த கல்லில் மாங்காய் விழுந்திருக்கிறது. இனி யார் அவனைப் பிடிப்பது?

"அப்புறம் அமைச்சர் தும்மிட்டாரு. 'உள்ள யாருங்க'ன்னு ஜனங்க கேட்டாங்க. சார் அசரவேயில்லை. 'எலிங்க'ன்னுட்டாரு."

"சொன்னேங்க."

"உடனே அமைச்சர் உள்ளே இருந்து கீச்சு கீச்சுன்னு கத்துனாரு."

"கத்துனாருங்க. அதுக்கப்புறம்?"

எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. திரையில் சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. வல்லரசுவுக்குச் சாமி வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பொதுக் கழிப்பறையைத் திறந்துவைக்கப் போன அமைச்சர் உள்ளே மாட்டிக்கொண்டு கதவு திறக்காமல் போனதையும், ஜன்னல் வழியாக மைக்கை நீட்டச்சொல்லி உள்ளேயே நின்று சிறப்புரை ஆற்றியதையும், வெளியே நின்ற கூட்டம் விஷயம் தெரியாமல் கை தட்டியதையும் கண்ணால் பார்த்தவன் போலச் சொன்னான். தேவநாதன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "அடடா", "அதேதான்", "விட்டுடாதீங்க, அந்த மாலை விஷயத்தையும் சொல்லுங்க" என்று எடுத்துக்கொடுத்தார். எந்த மாலை என்று வல்லரசுவுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு கதை சொன்னான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஜெகதீசன் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நேயர் அழைப்பு வந்தது. மெர்லின் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான் முருகையன் பேசறேன்."

வல்லரசு அழைப்பை வெட்டச் சொல்லி மெர்லினுக்குச் சைகை காட்டுவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"தேவநாதா, என் வீட்டு உப்பைத் தின்னுட்டுத்தானே வளந்தே? ஒரு விஷயத்தை எழுதுனா ஒழுங்கா எழுத வேணாம்? நான் ஒளிஞ்சது மல்லாட்டை மூட்டையா? அது கேப்பை மூட்டைடா."

வல்லரசு வாயைப் பிளந்தான். பொய்க்கு உயிர் வந்து எழுந்து நின்று போனில் பேசுகிறது.

"திருத்திக்கிறேங்கண்ணா" என்றார் தேவநாதன் பணிவாக.

"அது கிடக்கட்டும். எலி மாதிரி கத்துனேனாம், கக்கூஸுக்குள்ள பேசுனேனாம். ஏண்டா, அதெல்லாம் எப்படா நடந்துச்சு? நாளைக்கு நான் திண்டிவனத்துக்கு வர்றேன். முதல் வரிசையில உக்காந்து புக்கைப் பிரிச்சுப் பார்க்கறேன். இந்தக் கதை எல்லாம் அதுல இருந்துச்சுன்னா தேவநாதன் மேல கேஸு. இல்லைன்னா, தம்பி வல்லரசு, நீயா கட்டிவுட்டதுன்னு உன் மேல கேஸு. ரெண்டுல ஒண்ணு நிச்சயம்."

போன் வைக்கப்பட்டது. நிகழ்ச்சியும் முடிந்தது.

ஜெகதீசன் ஓடிவந்து வல்லரசுவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "சிங்கம்டா நீ. இனிமே தினமும் உன் புரோகிராம்தான். வைத்தியரை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மிட்டாய் வாங்க அவரே கீழே இறங்கிப் போனார்.

தேவநாதன் பார்சலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"கேஸ் போடுவேன்னாரே சார்" என்றான் வல்லரசு ஈனக் குரலில்.

"போடட்டுமே தம்பி. கேஸ் போட்டா புக்கு ரெண்டாம் பதிப்பு போகும். நீங்க பேசுனது ரொம்பப் பிரமாதம். என் பொழப்பையே தூக்கி நிறுத்திட்டீங்க" என்று அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போய்விட்டார்.

வல்லரசு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சந்தோஷமும் பயமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. இவ்வளவு நாள் ஏங்கிய பெயர் இன்றைக்குத்தான் கிடைத்தது. நாளைக் காலை மேடையில் ரிப்பனை அவிழ்த்ததும் அது மொத்தமாகப் போய்விடும். முருகையன் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். எலியும் இருக்காது, கழிப்பறையும் இருக்காது. ரெண்டு தடவை படித்தவனின் யோக்கியதையை அவன் படுத்திய ஆட்கள் எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள்.

"அந்த ஆளு ஏம்மா எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னாரு?" என்று புலம்பினான்.

"இருபது வருஷம் அமைச்சருக்கு அதானேண்ணா சொல்லிக்கினு இருந்தாரு. பழக்கதோஷம்" என்றாள் மெர்லின். "பேசாம மயிலம் போயி முருகனைக் கும்பிட்டுட்டு, அப்படியே நாலு நாள் தலைமறைவா இருங்க."

போன் அடித்தது. தெரியாத நம்பர். முருகையனின் வக்கீலாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தான்.

"வல்லரசு சாருங்களா? நான் காந்திமதி பேசறேங்க. திண்டிவனத்துல அச்சகத்துல டைப் அடிக்கிறவ. தேவநாதன் ஐயாதான் உங்க நம்பரைக் குடுத்தாரு. அமைச்சர் கழிப்பறையில மாட்டுன வரைக்கும் கேட்டேன் சார், அதுக்குள்ள இங்க கரண்ட் போயிடுச்சு, இப்பத்தான் வந்துச்சு. அப்புறம் அந்தக் கழிப்பறையில இன்னா ஆச்சு?"

"அதை ஏம்மா என்னைக் கேக்கறே? அதான் புக்குல இருக்குமே" என்றான் வல்லரசு எரிச்சலோடு.

"வெளையாடாதீங்க சார். நீங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன், காலைல ரிலீஸு, புக்குக்கு இன்னும் அட்டை மட்டும்தான் ரெடியா இருக்குது."