வயதாகாதவர்களும் ஒரு நீல நாற்காலியும்

நம் பக்கத்தில் வயதே ஆகாத மனித இனம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க நீங்கள் மலை ஏற வேண்டாம், மூலிகை தேட வேண்டாம். அரியலூரிலிருந்து செந்துறை போகிற சாலையிலோ, பெரம்பலூர் டவுனைத் தாண்டியோ, முந்தாநாள் வரை சோளம் விளைந்த காட்டில் கல் நட்டு, மனை பிரித்து, முகப்பில் வளைவு கட்டி, 'நகர்' என்று பெயர் எழுதிய எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அந்த இனத்தில் ஒருவர் அகப்படுவார். அறுபத்தேழு வயதிருக்கும். அது அவருக்குத் தெரியாது. 'வயசானவங்க' என்றால் அவர் கணக்கில் தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். அவருக்கு எழுபத்தேழு ஆகும்போது அந்தச் சொல் எண்பத்தேழுக்கு நகர்ந்துவிடும். ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்கும்போது மட்டும் மூத்த குடிமகன். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதும் பழையபடி வாலிபர்.

இவரை அடையாளம் காண முகத்தைப் பார்க்காதீர்கள், தலைச்சாயம் ஏமாற்றிவிடும். வாசலைப் பாருங்கள். வீடு கட்டும்போது கொத்தனாரிடம் இவர் கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்து வூட்டுக்காரன் பேஸ்மட்டம் எத்தனை அடி போட்டுருக்கான்?" என்பதுதான். நாலு அடி என்றால் இவருக்கு அஞ்சு. "நாளைக்கு ரோடு ஒசந்துட்டா தண்ணி வூட்டுக்குள்ள வந்துரும்ல?" என்பார். ரோடு உயரும், மழை கொட்டும், வெள்ளம் வரும், இருபது வருடம் கழித்து வரப்போகிற எல்லாமே இவர் கண்ணுக்குத் தெரியும், தன்னுடைய முழங்கால் வலி ஒன்றைத் தவிர. ஆக, வாசலில் ஏழு படி. அத்தனையும் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் கறுப்பு கிரானைட். கைப்பிடி கிடையாது, வைத்தால் முகப்பு அழகு கெட்டுவிடுமாம். படுக்கையறை மாடியில், காற்றுக்காக. படிக்குப் பக்கத்தில் கார் ஏற ஒரு சிமெண்டுச் சரிவு, சாக்கடையை மூடிக்கொண்டு தெருவுக்குள் ஐந்தடி நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுக்காரர் மட்டும் இளைத்தவரா? அவருடையதும் ஐந்தடி. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியிருப்பதை நாங்கள் தெரு என்று சொல்லி வருகிறோம்.

எங்கள் வளர்பிறை நகரில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, நலச் சங்கத் தலைவர் குருநாதன். ஏதோ ஓர் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்க வருகிறவர்களை நிற்க வைத்தே பேசிப் பழகிய வாய். எங்கள் நகரை 'முதியோர் நேய நகர்' ஆக்குவது அவருடைய வாழ்நாள் லட்சியம். "வயசானவங்கள அவங்க வூட்டுலயே நிம்மதியா வாழ வைக்கணும் சார். யாரும் கடைசிக் காலத்துல எங்கயும் போகக் கூடாது" என்று அவர் சொல்லும்போது கேட்கிறவருக்குக் கண் கலங்கும். அந்த லட்சியத்துக்காக மாதம் ஒரு கூட்டம். கூட்டம் எங்கே? அவர் வீட்டு மொட்டைமாடியில். கீழே ஏழு படி, அப்புறம் இரண்டு தளம். முதியோர் நலனுக்கான முதல் கூட்டத்துக்கு முதியோர் ஒருவர்கூட வரவில்லை. 'முதியோர் போதிய ஆர்வம் காட்டவில்லை' என்று செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

ஒருவர் மட்டும் இரண்டாவது கூட்டத்துக்கு வந்தார். கொளஞ்சியம்மாள், மூன்றாவது தெரு, எழுபத்து நாலு வயது. செந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து, அடுப்புப் புகையில் பாதி ஆயுளைக் கழித்து, சொந்தமாக ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு முருங்கை மரம் என்று கட்டிக்கொண்டு தனியாக வாழ்கிறவர். இரண்டே படி, கைப்பிடியோடு. தனக்கு வயதாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. திருப்பூரில் இருக்கும் மகன் பூவரசன் கூப்பிட்டும் போகவில்லை. அவருக்கு இருந்த ஒரே சிக்கல் பஸ் ஸ்டாப். காய் வாங்க, மாத்திரை வாங்க, செந்துறையில் தங்கச்சியைப் பார்க்க, எதற்கும் மெயின் ரோட்டுக்கு நடந்தாக வேண்டும். அவருடைய முழங்கால் பாதி வழிக்குத்தான் ஒத்துக்கொள்ளும். அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மீதி வழிக்கும் வரும்.

தலைவர் வீட்டு முதல் படியில் கையை ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து அவர் பேசினார். மொட்டைமாடிச் சுவரிலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர் எட்டிப் பார்த்தோம்.

"தலைவரே! ரெண்டாவது தெரு முக்குல, வேப்ப மரத்தடியில, ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டுக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"பெஞ்சுன்னு போட்டா கண்டவனும் வந்து உக்காருவான்மா!"

"உக்காரத்தானங்க பெஞ்சு?"

பதில் இல்லாதபோது அதிகாரிகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார் தலைவர்: பெரிய திட்டமாக அறிவித்தார். மூத்த குடிமக்கள் நடைப் பூங்கா! ஆறு மாதத்தில் அது வந்தேவிட்டது. பொன்னாடை, ரிப்பன், கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை, உபயதாரர் பெயர் பொறித்த நாலு பெஞ்சு. நுழைவாயிலில் மூன்று படி. மாடு நுழையாமல் இருக்க இரும்புக் குழாயில் வளைந்து வளைந்து போகிற ஒரு சந்து. அதில் மாடு நுழையாது, வாக்கர் பிடித்து நடக்கிறவரும் நுழைய மாட்டார், ஆடு மட்டும் நுழைந்துவிடும். பூங்கா இருந்த இடமோ நகரின் கடைக்கோடி, பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர்த்திசை. கொளஞ்சியம்மாள் பெஞ்சில் உட்கார வேண்டுமானால் முதலில் அத்தனை தூரம் நடக்க வேண்டும். நடக்க முடிந்தால் பெஞ்சு எதற்கு?

அவர் சண்டை போடவில்லை. தன் வீட்டு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியைப் பால்காரரிடம் கொடுத்தனுப்பி, வேப்ப மரத்தடியில் போடச் சொல்லி, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி நைலான் கயிற்றால் மரத்தோடு கட்டிவைத்தார். அவ்வளவுதான். பத்தே நாளில் நடந்ததைக் கேளுங்கள். இரண்டு வருடமாக வாசலைத் தாண்டாத ராசாங்கம் வாத்தியார் தடியை ஊன்றிக்கொண்டு அதுவரை வந்தார். முதல் தெரு ஆண்டாயி, பேத்தியின் ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கிற சாக்கில் வந்தார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட மூச்சு வாங்க உட்கார்ந்தார். திட்டம் இல்லை, திறப்பு விழா இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு நாற்காலி.

சும்மா விடுவாரா தலைவர்? அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வந்தது: 'பொதுத் தெருவில் தனிநபர் நாற்காலி போடுவது ஆக்கிரமிப்பு.' தெருவில் ஐந்தடி நீட்டிக்கொண்டிருக்கும் தன் சரிவின் மேல் நின்றுகொண்டுதான் மறுநாள் காலை அந்த நாற்காலியை அகற்ற ஆள் அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததே தவிர, கூட்டத்தில் கை தூக்கிய பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கொளஞ்சியம்மாள் வழக்கம்போல் கிளம்பினார். பாதி வழியில் முழங்கால் நின்றுவிட்டது. வேப்ப மரத்தடியில் ஒன்றும் இல்லை. எதிரே இருந்ததோ தலைவர் வீட்டுச் சரிவு. அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைவருடைய கார் வெளியே வர வேண்டுமா? ஹாரன் அடித்தார். அந்த அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி அடித்தார். பிறகு இறங்கி வந்து, மிகுந்த கனிவோடு ஒரு போட்டோ எடுத்து, அதைவிடக் கனிவோடு திருப்பூருக்குப் போன் போட்டார்.

"தம்பி, ஒங்க அம்மா நடுரோட்டுல உக்காந்துட்டாங்க. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்குறாங்க. ஒரு மாதிரியா இருக்காங்கப்பா. இனிமே தனியா விடாதீங்க."

ஒரு மாதிரியாம்! பத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மனுஷியை, கால் வலிக்கு உட்கார்ந்த பாவத்துக்கு, புத்தி பிசகியவராக்கி அனுப்பினார் அந்த முதியோர் நேயர். ஞாயிற்றுக்கிழமை பூவரசன் வாடகைக் காரோடு வந்துவிட்டான். திருப்பூரில் அவனுக்கு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஏறிய பிறகு அந்த அம்மா இறங்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வழியனுப்ப வந்த தலைவரிடம் அவர் கேட்டது ஒன்றுதான்.

"பெஞ்சுதானப்பா கேட்டேன். ஊர விட்டுப் போறேன்னா கேட்டேன்?"

"பெத்த புள்ளகிட்ட இருக்குறதுதாம்மா ஒங்களுக்கு நிம்மதி" என்றார், யாரும் கடைசிக் காலத்தில் எங்கேயும் போகக் கூடாது என்கிற குருநாதன். அடுத்த கூட்டத்தில் 'நகரில் முதியோர் பிரச்சினை தீர்ந்தது' என்று பதிவாயிற்று.

இது நடந்து ஒரு வருடமாகிறது. போன வாரம் வேப்ப மரத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தலைவர் நின்றிருந்தார். வலது காலில் முட்டிக் கட்டு. கிரானைட் படியில் ஈரம் இருந்ததாம். ஒன்றுமில்லை, லேசாக வழுக்கிவிட்டதாம். மரத்தடியில் எதையோ தேடினார்.

"இங்க ஒரு சேரு கெடந்துச்சே சார், எங்க?"

தீர்மானத்தை எழுதிய செயலாளர் யார் என்று இதுவரை நீங்கள் கேட்கவில்லை. நான்தான். அகற்றிய நாற்காலியும் சங்கச் சொத்தாக என் மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கிறது. உடனே போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறதே? "அடுத்த கூட்டத்துல வச்சுப் பேசி ரத்து பண்ணிருவோம் தலைவரே" என்றேன். கூட்டம் நேற்று நடந்தது. வழக்கம்போல் மொட்டைமாடியில். தலைவரால் ஏற முடியவில்லை. கீழே ஹாலில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். 'முதியோர் போதிய ஆர்வம் காட்டவில்லை' என்று எழுதிப் புத்தகத்தை மூடினேன். எனக்கென்ன, ஐம்பத்தொன்பதுதானே?

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் எழுந்து உங்கள் வீட்டு வாசலுக்குப் போய்ப் படிகளை எண்ணிப் பாருங்கள். கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டுச் சரிவு தெருவுக்குள் எத்தனை அடி போயிருக்கிறது என்று காலால் அளந்து பாருங்கள். 'நமக்கென்ன இப்பவே வயசா ஆயிருச்சு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று தோன்றுகிறதா? அப்படியானால் உங்களுக்கு எங்கள் சங்கத்தில் இடம் உண்டு. நேராக மொட்டைமாடிக்கு வந்துவிடுங்கள். ஏற முடிகிறவரை நீங்கள் எங்கள் உறுப்பினர்.