கேன்டீன் கூரையில் ஒரு கோல்ஃப் மட்டை

என் மகள் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். கனிந்த வாழைப்பழத்தில் யாரோ மண்ணெண்ணெய் ஊற்றியது போன்ற வாசனை. இனிப்பு முதலில் வரும், எரிச்சல் பின்னால் வரும். தோல் கம்பெனியின் ஃபினிஷிங் பிரிவைத் தாண்டிப் போனவர்களுக்கு அது தெரியும். தோலுக்குக் கடைசியாக அடிக்கிற பளபளப்பும் நகத்துக்குப் பூசுகிற பளபளப்பும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். அவள் பத்து விரலையும் ஊதி ஊதிக் காயவைக்கிறாள். எனக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை காயாமல் கிடக்கிறது.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடுத்தவர் பார்க்க நான் கோல்ஃப் ஆடியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அன்று பந்து அசையவில்லை. மற்றதெல்லாம் அசைந்தது.

ஆம்பூர் பைபாஸை ஒட்டி இருந்த ஒரு கையுறைக் கம்பெனியில் அப்போது எனக்கு நேர்காணல். வேலையின் பெயர் மெர்ச்சண்டைசர். (சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன் என்று பொருள்.) வயது முப்பது. அதற்கு முன் ராணிப்பேட்டையில் கைப்பை கம்பெனி ஒன்றில் இருந்தேன். நோட்டில் கவிதை, நெஞ்சில் கர்வம், கையில் ஒன்றுமில்லை. ஜி.எம். என் காகிதங்களைப் புரட்டியபடியே கேட்டார்.

"கோல்ஃப் தெரியுமாப்பா?"

"தெரியும் சார்."

"ஆடிக்கிறியா?"

"காலேஜ்ல ஆடியிருக்கேன் சார்."

(எங்கள் கல்லூரியில் வாலிபால் வலையே பாதிதான் இருந்தது. மீதியை ஆடு மேய்ந்துவிட்டதாகச் சொல்வார்கள்.)

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். கம்பெனி அப்போதுதான் கோல்ஃப் கையுறையில் இறங்கியிருந்தது. "தைக்கிறதுக்கு ஆள் இருக்காங்க. ஆடத் தெரிஞ்ச ஆளுதான் இல்ல," என்றார். ஒரே பொய்யில் ஒரு துறைக்கே நிபுணன் ஆகிவிட்டேன்.

சேர்ந்த முதல் மூன்று வாரம் சாம்பிள் ரூமில் நான் பார்த்ததெல்லாம் இடது கை. மேசை மேல் இடது கை, பெட்டிக்குள் இடது கை, ஜன்னல் கம்பியில் காயும் இடது கை. ஏதோ ஒரு கூட்டம் பாதியிலேயே கும்பிடுவதை நிறுத்திக்கொண்டதுபோல இருந்தது. பொறுக்க முடியாமல் ஒரு நாள், அங்கே தைத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன்.

"வலது கை எந்தக் கம்பெனில தைக்கிறாங்கக்கா?"

ஆறு தையல் மிஷின்களும் ஒரே நேரத்தில் நின்றன.

"அத்தக் கண்டுபுடிக்கத்தான் தம்பி உன்ன எடுத்துக்கிறாங்க," என்றார் அக்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "பந்து அடிக்கிறவன் ஒத்தக் கைக்குத்தான் உறை போடுவான். உங்க காலேஜ்ல ரெண்டு கைக்கும் குடுத்தாங்களோ?"

என் பொய் அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சிரித்ததோடு சரி.

ஸ்டெல்லா அக்கா ஆலங்காயத்துக்காரர். விடிவதற்குள் கிளம்பி வாணியம்பாடி வந்து, அங்கிருந்து கம்பெனி பஸ் பிடித்து வருவார். பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட். ஒவ்வொரு வருடமும் ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். புது டோக்கன் நம்பர் கழுத்தில் ஏறும். பதினோரு வருடத்தில் பதினோரு நம்பர். சாம்பிள் ரூமை நடத்தியது அவர்தான், ஆனால் வருகைப் பதிவேட்டில் அவர் எப்போதும் புதுசு. கோல்ஃப் சாம்பிள் வந்தபோது ஜி.எம். எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஸ்டெல்லா, இது பாஸ் ஆச்சுன்னா நீ பர்மனெண்ட். சாம்பிள் ரூம் இன்சார்ஜ்." அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபக் குறிப்புச் சீட்டில் அக்கா அதை எழுதிப் போட்டார். "வியாதி, கல்யாணம்னு எல்லாரும் எழுதுவாங்க. நான் கையுறைன்னு எழுதினேன். பாஸ்டர் ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்தாரு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பையர், அதாவது சரக்கு வாங்குகிற அந்த வெளிநாட்டுக்காரர், அனுப்பிய தாளில் ஒரு நிபந்தனை இருந்தது. அவர் வரும்போது ஒருவர் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு நேரில் பந்தடித்துக் காட்ட வேண்டும். ஜி.எம். என்னைப் பார்த்தார். நான் காலேஜைப் பார்த்தேன். அது வெகுதூரத்தில், வாலிபால் வலையோடு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் அவகாசம்.

பச்சைத்தோல் குடோனுக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். அங்கே ஒரு நைலான் வலையைக் கட்டினேன். அதில் ஒரு கோணியைத் தொங்கவிட்டுச் சுண்ணாம்பில் வட்டம் போட்டேன். முந்தின வருகையில் பையர் விட்டுப்போன இரும்பு மட்டை ஒன்று ஸ்டோரில் கிடந்தது. குருநாதர், கைப்பேசி வீடியோ. முதல் வாரம் பலம் மட்டும்தான். தோள் கழன்றுவிடுகிற மாதிரி வீசுவேன். பந்து வலப்புறச் சுவருக்குப் போகும், இடப்புற முள்செடிக்குப் போகும், சில நேரம் என் காலுக்கே திரும்பி வரும். கோணிக்கு மட்டும் போகாது.

"இன்னா தம்பி, பாம்பு அடிக்கிறியா?" ஜன்னலிலிருந்து ஸ்டெல்லா அக்கா.

"ஃபோர்ஸ் வேணும்க்கா இதுக்கு."

"பெடல முழுசா மிதிச்சா மிஷின் பறக்கும். தையல் கோணிக்கும். நீ இன்னாமோ பண்ணு, ஜன்னல் கண்ணாடி பத்திரம்."

அவர் கிண்டலுக்குச் சொன்னதை வீடியோக்காரன் வேறு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. கை வீசுவது கடைசி வேலை. பின்னால் போன எடை முதலில் முன்காலுக்கு வர வேண்டும். இடுப்பு திரும்ப வேண்டும். தோள் அதன் பின்னால் வர வேண்டும். கையும் மணிக்கட்டும் கடைசியில், வால்போல. முடிக்கும்போது தொப்புள் பந்து போன திசையைப் பார்க்க வேண்டும். (என் தொப்புள் இரண்டு வாரம் குடோனைத்தான் பார்த்தது.) மட்டையைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்கினால் தூரம் ஜாஸ்தி, விலாசம் கிடையாது. இடுப்பளவு தூக்கினால் பந்து நேராகப் போகும், ஆனால் போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிடும். தோளுயரத்தில், முக்கால் வீச்சில், பலமும் குறியும் சண்டையில்லாமல் உட்காரும் ஓர் இடம் இருந்தது. அதைக் கண்டுபிடித்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. பத்துக்கு எட்டு, கோணியின் வயிற்றில் தொப் தொப்பென்று விழுந்தது. கவிதையில்கூட எனக்கு அப்படி எட்டு வரி சேர்ந்தாற்போல் அமைந்ததில்லை.

இன்னொன்றும் அன்று புரிந்தது. மட்டையை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்கிறது, வேகம் செத்துப்போகிறது. தளர்த்திப் பிடிக்க வேண்டும். தளர்த்தினால் நழுவும். நழுவாமல் பார்த்துக்கொள்ளத்தான் கையுறை. ஸ்டெல்லா அக்கா தைத்த அந்த இடது கை, பார்க்க மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மாட்டினால் உள்ளங்கை மட்டையோடு லேசாக ஒட்டும். நான் இரண்டு விரலால் பிடிப்பதுபோல் பிடித்தாலும் அது போகவிடாது. பதின்மூன்று முறை பிரித்துத் தைத்து அவர் கொண்டுவந்த பிடிப்பு அது.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் பையர் வருகிறார் என்றால் கம்பெனியே குளித்துக் கிளம்பும். செடிக்குத் தண்ணீர், வாசலுக்குக் கோலம், வாட்ச்மேனுக்கு ஷேவிங், சாம்பிளுக்கு ஒரு கை ஸ்ப்ரே. கடைசி ஸ்ப்ரே இல்லாமல் எதையும் பையர் கையில் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. கைப்பை கம்பெனியில் நாலு வருடம் அப்படித்தான் பிழைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அக்கா டீக்குப் போயிருந்தார். அவர் மேசையில் கவருக்குள் இரண்டு கையுறைகள். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளங்கை அழுக்குப்போல மங்கலாகத் தெரிந்தது. இதைப் போய் எப்படிக் காட்டுவது? ஃபினிஷிங் பிரிவுக்கு எடுத்துப்போய் நானே ஸ்ப்ரே துப்பாக்கியைப் பிடித்தேன். பளபளப்புக்கு ஒரு சுற்று, வழுவழுப்புக்கு ஒரு சுற்று. வாழைப்பழ வாசனையோடு இரண்டும் ஜொலித்தன. கவரில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவர் பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குப் பையர் வந்தார். உயரமான, வெயிலில் சிவந்த மனிதர். கவரைப் பிரித்து என்னிடம் ஒன்றை நீட்டினார். ஸ்டெல்லா அக்கா சாம்பிள் தட்டோடு நாலடி தள்ளி நின்றார், புதுப் புடவை. ஜி.எம். என் காதருகே வந்து, "கம்பெனி மானம் உன் கைலதான்ப்பா," என்றார். மாட்டும்போதே உள்ளங்கை எண்ணெய்போல் வழுக்கியது. புது மெருகு, அப்படித்தான் இருக்கும் என்றது என் அறிவு. பையர் நிதானமாக, மெதுவாக அடி என்று சைகை காட்டினார்.

முக்கால் வீச்சு. தோளுயரம். இடுப்பு முதலில். எல்லாம் மந்திரம்போல் நாக்கில் இருந்தது. அப்போது சாம்பிள் ரூம் ஜன்னலில் ஆறேழு முகங்கள். கேன்டீன் வாசலில் இருபது முகங்கள். ஒரு மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்த முகங்கள். மட்டை தோளுயரத்தில் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. தலைக்கு மேலே போயிற்று, முதுகுக்குப் பின்னால் போயிற்று, அங்கிருந்து என் முப்பது வருடத் தோல்விகள் அத்தனையும் சேர்ந்து அதைக் கீழே இழுத்தன.

கை காலியாக இருந்தது.

மட்டை சுழன்றுகொண்டே வலைக்கு மேலே ஏறியது. வெயிலில் ஒரு மின்னு மின்னியது. கேன்டீனின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் துளைத்து, சாம்பார் அண்டாவுக்கு நேர் மேலே பாதி உள்ளே பாதி வெளியே குத்திட்டு நின்றது. நான் போன வேகத்தில் முழங்கால் போட்டு மண்ணில் கிடந்தேன். உள்ளேயிருந்து சமையல்காரரின் அலறல்: "இன்னா பேஜாருடா இது! மேலருந்து இரும்பு வருது!" பந்து மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அங்கே நிதானம் தவறாத ஒரே ஜீவன் அதுதான்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இதோடு முடிகிறது. யார் கையிலிருந்து எது நழுவினாலும், டம்ளரோ தேர்வு மதிப்பெண்ணோ, "கேன்டீன் கூரைல பாரு, அங்க இருக்கும்" என்பார்கள். மச்சினன் கல்யாணப் பந்தியில் நானே எழுந்து நடித்துக் காட்டியிருக்கிறேன். மிச்சத்தை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

பையர் சிரித்தார். பையர் சிரித்ததால் ஜி.எம். சிரித்தார். அப்புறம் பையர் குனிந்து என் கையிலிருந்து உறையை உருவினார். கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்தார், முகர்ந்தார். சிரிப்பு போய்விட்டது. உள்ளங்கையில் எந்த மெருகும் கூடாதென்று தாளில் எழுதியிருந்தேனே, இதைச் செய்தவருக்குப் படிக்கத் தெரியாதா என்று கேட்டார்.

"யார் பண்ணது இது?" என்றார் ஜி.எம்., தமிழில்.

"நான்தான் சார் தைச்சேன்," ஸ்டெல்லா அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "ஆனா நான் வெச்சது இப்டி இல்லியே..." இன்னொரு உறையை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். அந்த வாசனை அவருக்குத் தெரியாதா என்ன. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் மண்தான். தட்டித் தீரவே இல்லை.

அக்கா காத்திருந்தார். என் பெயரை அவரே சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன் என்று நம்பினாரோ என்னவோ. ஜி.எம். பொறுமை இழந்தார். "பதினோரு வருஷம் இருந்து இன்னா பிரயோஜனம்? தாள்ல இன்னா போட்டுக்குதுன்னு பாக்கத் தெரியல," என்றார். அன்று மாலையே அக்காவை நூல் வெட்டுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். சாம்பிள் ரூமுக்கு வேறொருவர்.

வியாழக்கிழமை ஜி.எம். அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த வாக்குமூலம். அவர் பேனாவை மூடினார்.

"விடுப்பா. ஆள மாத்திட்டோம்னு பையருக்கு மெயில் போட்டாச்சு. இப்ப இல்லன்னு சொன்னா கம்பெனி பேரு இன்னாவும்?"

நான் விட்டேன். அதில் எனக்குத் திறமை உண்டு.

அடுத்த சாம்பிள் ஸ்டெல்லா அக்காவின் அளவிலேயே, அவர் வெட்டி வைத்த அட்டையிலேயே, ஸ்ப்ரே இல்லாமல் போனது. பார்த்ததும் பாஸ். பையர் கடிதத்தில், அந்த மட்டையைப் பறக்கவிட்ட பையன் இன்னும் இருக்கிறானா, அவனிடம் நல்ல பலம் இருக்கிறது என்று வேடிக்கையாக எழுதியிருந்தார். கோல்ஃப் பிரிவுக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். பர்மனெண்ட்.

அதே வாரம் அக்கா டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார். வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேருகிறாராம், புது நம்பரில். நான் கேட்டிலிருந்து பைபாஸ் வரைக்கும் அவர் பின்னாலேயே நடந்தேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பஸ் நிற்கும் இடத்தில்தான் வாய் வந்தது.

"அக்கா, நான் ஜி.எம். கிட்ட சொல்லிட்டேன். நான்தான் ஸ்ப்ரே அடிச்சேன்னு."

"எப்ப?"

"அந்த வியாழக்கிழம."

"நான் செவ்வாக்கிழம நின்னுனு இருந்தேன்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

வாணியம்பாடி பஸ் வந்து நின்றது. அக்கா ஏறினார். படியில் ஒரு கால் மேலே இருக்கும்போது நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். மன்னிப்போ, விளக்கமோ, எதுவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"ஒன்னும் சொல்லாத தம்பி. அன்னிக்கி எப்டி நின்னியோ அப்டியே நில்லு. பஸ் எடுத்துடட்டும்."