குமிழி இல்லாத பாட்டில்

செஞ்சி,
வியாழக்கிழமை, காலை மணி 10.20

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அன்புச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் தனகோட்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ராஜாம்பாளும் போர் மோட்டாரும் சௌக்கியம். ஓசூரில் நீங்களும் ஷோபனாவும், அவள் வயிற்றுக்குள் இருந்துகொண்டே நம் எல்லோரையும் ஆட்டிவைக்கும் அந்தப் பெரிய மனிதரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளராக இருந்தவன் நான். நோட்டில் எழுதாத பஸ்ஸை வந்ததாகவே நான் ஒப்புக்கொண்டதில்லை. அதோடு தண்ணீர் ரிப்போர்ட்டையும் இணைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக எங்களோடு கிளம்பி, ஷோபனா கை நிறைய வளையலோடு காரில் ஏறப் போன சமயம், "மாமா, உங்க போர் தண்ணியில ஈயமும் ரேடானும் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டீர்களே, அப்போது மணி 3.35. உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி என்றேன். பழைய குழாயிலிருந்து ஈயம் கரைந்து வரலாம், குழந்தையின் மூளைக்கு ஆகாது என்றீர்கள். கருங்கல் பாறையிலிருந்து ரேடான் என்று ஒரு வாயு தண்ணீரோடு வரலாம், அதற்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது, நுரையீரலுக்குக் கெடுதல் என்றீர்கள். "ரிப்போர்ட் வரட்டும் மாமா, அப்புறம் நானே கொண்டுவந்து விடுறேன்" என்று முடித்துவிட்டீர்கள். நாங்கள் இரண்டு பேரும் நடுவில் ஒரு காலி இடத்தை வைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது உண்மை, மறைப்பானேன். என் மகள் இந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே பி.எட். வரைக்கும் படித்தாள் என்று மனதுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். செங்கம் தாண்டும்போது கோபம் இறங்கி ஒரு கேள்வி ஏறி உட்கார்ந்துகொண்டது. நிறமும் மணமும் இல்லாத ஒரு சமாச்சாரம் என் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது? என் கண்ணுக்குத் தப்பி செஞ்சிக்குள் எதுவும் நுழைந்ததில்லையே!

மறுநாள் காலையில் மொட்டை மாடியில் நின்று ராஜகிரி மலையைப் பார்த்தேன். அறுபத்து நாலு வருஷமாகக் கோட்டை இருக்கிறது என்றுதான் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன், பாறைக்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தனை பாறையும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால் எவ்வளவு ஆச்சரியம்! உடனே 7.40 வண்டியைப் பிடித்துத் திண்டிவனத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். அங்கே தமிழினி என்று ஒரு பெண், என் கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். ஈயம் பார்ப்பதற்கு, இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் முதன்முதலாக விழும் தண்ணீரைப் பிடிக்க வேண்டுமாம். ரேடானுக்குத் தனியாக ஒரு கண்ணாடி பாட்டில். அதைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, உள்ளே வைத்தே மூட வேண்டுமாம், ஒரு குமிழி கூட இருக்கக் கூடாதாம். "ஒரு நாள் திறந்து கெடந்த தண்ணியில ரேடான் நிக்காது சார், ஓடிடும்" என்றார். ஒப்பிட்டுப் பார்க்கத் தெருவில் இன்னும் நாலு வீட்டுத் தண்ணீரும் இருந்தால் நல்லது என்று அவரே பாட்டில்களும் கொடுத்தார்.

முதல் தண்ணீர் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. நான் 5 மணிக்கு எழுந்தால் உங்கள் அத்தை 4.45க்கே குழாயைத் திறந்து வாசல் தெளித்துவிட்டிருந்தாள். அடுத்த நாள் 4.40க்கு எழுந்தேன், அவள் 4.30க்குத் தெளித்துவிட்டாள். மூன்றாம் நாள் 4.15க்கே குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். "இன்னாங்க இது, வாசல் தெளிக்கிற நேரத்துல பைப்பைக் கட்டிப் புடிச்சிகினு உக்காந்துனு இருக்கிறீங்க?" என்று அத்தை சத்தம் போட்டதில், எதிர்வீட்டு ஜெயக்கொடி விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தாள். 5.12க்குத் திறந்தேன். காபி டம்ளர் கழுவிய தண்ணீர் நிறத்தில் விழுந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம், கலப்படமில்லாத உண்மையான தண்ணீர் அல்லவா! அப்புறம் அண்டாவில் கையை விட்டு ரேடான் பாட்டிலோடு மல்லுக்கட்டினேன். கடுகளவு குமிழி ஒன்று பாட்டில் கழுத்தை விட்டு நகருவேனா என்றது. ஆறாவது தடவை, 5.50க்கு, போயே போய்விட்டது. இரண்டு பாட்டிலிலும் நேரம் எழுதி அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டுக் குளித்தேன், நாலு வீட்டிலும் போய், முந்தின நாளே கொடுத்து வைத்திருந்த பாட்டில்களை வாங்கிக்கொண்டேன், 7.40 வண்டியைப் பிடித்தேன்.

நேற்று தமிழினி ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டார். "சார், நாலு வீட்டுத் தண்ணியும் ஒண்ணு போலவே இருக்குது. உப்பே இல்ல. வேற வேற போர்னு சொன்னீங்களே? ஒரு பாட்டில்ல வெட்டிவேர் வேற மணக்குது!" எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பாட்டில் கொடுத்த நாலு வீட்டில் ஒருவரான காத்தாயி அக்காவிடம் நேராகப் போய் விசாரித்தேன். "வெளியூர் ஆபீசுக்குப் போற தண்ணி தம்பி. உப்புத் தண்ணியவா குடுத்தனுப்புவாங்க? நம்ம தெருவ இன்னா நெனைப்பாங்க?" என்று என்னையே கேட்டார். நாலு வீட்டிலும் கேன் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்! வந்தவர்களுக்குச் சொம்பில் கேன் தண்ணீர், வீட்டு மனிதர்களுக்கு போர் தண்ணீர் என்பதுதான் எங்கள் தெரு வழக்கம். போன பொங்கலுக்கு வந்தபோது நீங்கள் குடித்ததும் அதுதான், மன்னிக்கவும். வெட்டிவேர் ஜெயக்கொடியின் உபயம். ஒரே வண்டியில் வரும் ஒரே கேன்காரரின் தண்ணீரை நான் நாலு தடவை சோதித்திருக்கிறேன். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன்.

ஆனால் மாப்பிள்ளை, நம் வீட்டுப் பாட்டில்தான் ஐந்தாவது. அதிலும் அச்சு அசலாக அதே எண்கள்! ஈயம் இல்லை, ரேடான் இல்லை, உப்பு கூட இல்லை. "உங்க பாட்டில நீங்களேதான் புடிச்சீங்களா சார்? நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்று தமிழினி இரண்டு தடவை கேட்டார், அவ்வளவு ஆச்சரியம் அவருக்கு. என் கையால்தான், நேரம் உட்பட எழுதியிருக்கிறேன் என்றேன். மற்ற வீடுகள் கேன் தண்ணீரை வைத்து வாங்கிய மார்க்கை நம் போர் சொந்த முயற்சியில் வாங்கியிருக்கிறது. உப்பே இல்லாத தண்ணீரில் சோப்பு ஏன் இன்னும் நுரைக்க மாட்டேன் என்கிறது என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. குறை சோப்பில் இருக்கலாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஷோபனாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். வாயு ஏதாவது இருந்தால் போகட்டும் என்று அவள் அறை ஜன்னலைப் பகல் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறோம். உங்கள் அத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த அறையை எட்டிப் பார்க்கிறாள். பதினோராவது தடவை பார்ப்பது நான். பிள்ளை வராமல் எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உங்களுக்கு என் அன்பும் ஆசியும். அவளிடம் நைனா ரொம்பக் கேட்டதாகச் சொல்லுங்கள். மலையும் போரும் உங்களை நல்லபடியாக வரவேற்கும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
தனகோட்டி

பின்குறிப்பு, மணி 11.45: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். நாலு வீட்டுக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். நம் வீட்டுப் பாட்டிலைப் பற்றிய இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கேட்டேன். "நீங்க குளிக்கப் போனப்ப பாத்தேங்க. கலங்கலா இருந்துது. சம்பந்தி வூட்டுக்குப் போற ரிப்போர்ட்டு, அதுல இந்தத் தண்ணிய எப்படி அனுப்புறது? ரெண்டையும் கொட்டிட்டு கேன் தண்ணி புடிச்சி வெச்சேன். நீங்க சொன்ன மாதிரியே அண்டாவுல முக்கி, குமிழி இல்லாமதான் புடிச்சேன். புள்ள வந்துட்டா போதும்னு இருந்துது" என்று அழுதாள். எழுதியதை அடித்துத் திருத்தும் வழக்கம் எனக்கு இல்லை, தாமதமாக வந்த பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே தாமதம் என்று எழுதித்தான் பழக்கம். அதனால் இதையும் எழுதுகிறேன். இணைத்திருப்பது கேன்காரருடைய ரிப்போர்ட். நம் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. நாளைக் காலை 4.15க்கு மறுபடி குழாயடியில் உட்காருகிறேன், இந்தத் தடவை பாட்டில் குளிக்கவும் என்னோடு வரும். அதுவரைக்கும் ஷோபனாவை அனுப்ப வேண்டாம் மாப்பிள்ளை. அவள் அம்மா போனில் அழுதாலும் அனுப்ப வேண்டாம். நானே கேட்டாலும் அனுப்ப வேண்டாம்.