சம்பந்தியம்மாளின் முந்தானையும் உங்கள் கார்க் கண்ணாடியும்

இராஜபாளையம்,
அக்டோபர் 1997.

மஸ்கட்டில் இருக்கும் மாப்பிள்ளை வில்சன் அவர்களுக்கு மாமா வேதசிரோமணி ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை பரிபூரணமும் சுகம், சின்னவள் தங்கபாய் சுகம். நீங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுப்போன கார் பெரும்பாலும் சுகம்.

விஷயம் இதுதான். இடது பக்கப் பின்கண்ணாடி பாதியில் நின்றுகொண்டு, சுவிட்சை அமுக்கினால் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பெய்த முதல் மழைக்கே பின்சீட்டில் தண்ணீர் நின்றது. மதுரைப் பட்டறையில் விசாரித்தால் மோட்டாரையே மாற்றவேண்டும் என்று சொல்லி, ஓர் உழவு மாட்டின் விலை கேட்டார்கள். ஆயுள் முழுக்க நூற்பாலையில் மோட்டாரோடு மல்லுக்கட்டியவன், ஒரு கண்ணாடிக்கு மாடு கொடுப்பேனா? கதவின் உள்பலகையை நானே கழற்றினேன். கிளிப்புகள் பொரிகடலை மாதிரித் தெறித்தன. "கழத்துறது சரி, மாட்டத் தெரியுமா?" என்றாள் உங்கள் அத்தை. நான் காதில் வாங்கவில்லை. மோட்டாரின் இரண்டு ஒயருக்கும் பாட்டரியிலிருந்து நேராகக் கரண்டு கொடுத்தேன், கண்ணாடி ஜம்மென்று ஏறியது! வீட்டில் கிடந்த பழைய காலிங்பெல் சுவிட்சைக் கதவில் பொருத்திவிட்டேன். அமுக்கினால் ஏறும். இறக்குவதற்கு மட்டும் ஒயர்களை இடம் மாற்றிக் கட்டவேண்டும். சின்னக் குறைதான்.

போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஞானரத்தினம் அம்மாள் தன் மகனுக்குத் தங்கபாயைப் பார்க்க வந்தார்கள். அத்தை சொல்லிக்கொடுத்தபடி தங்கபாய் குனிந்த தலை நிமிராமல், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாள் எழுந்திருக்கும்போது, "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே இரண்டு இடம் இப்படித்தான் யோசிக்கப் போய்த் திரும்பவில்லை. மனசு கேட்காமல், காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். காற்று வரட்டும் என்று கண்ணாடியை முழுக்க இறக்கி, மறுபடி ஏறும்படி ஒயரை மாற்றிக் கட்டினேன். அத்தை முன்னால், தங்கபாய் அம்மாளுக்குத் துணையாகப் பின்னால்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். "இது என்ன அண்ணாச்சி, கார்ல காலிங்பெல்லு?" என்று கேட்டுக்கொண்டே அம்மாள் அமுக்கிவிட்டார்கள். கண்ணாடி ஏறி, வெளியே தொங்கிக்கொண்டிருந்த பட்டு முந்தானையைக் கவ்விக்கொண்டது. நான் பதறிப்போய் ஒயரை மாற்றப் பார்த்தேன், இரண்டும் கதவுக்குள் விழுந்துவிட்டன. கதவைத் திறந்தால் அம்மாளும் கதவோடு போகவேண்டும். கூட்டம் கூடிவிட்டது. "வண்டியத் தள்ளணுமா?" என்று நாலு பேர் கேட்டார்கள். இந்தச் சம்பந்தமும் போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன்.

அப்போதுதான் தங்கபாய் களுக்கென்று சிரித்தாள். அத்தை முறைத்தும் அடங்கவில்லை. "பெல்ல அமுக்குனா வீட்டாள்தான் வருவாகன்னு பாத்தேன் அத்தை, ஊரே வந்திருச்சே!" என்று அம்மாளிடம் சொன்னாள்.

ஞானரத்தினம் அம்மாள் அவள் பக்கம் திரும்பினார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "ஏட்டி, வாயில்லாப் பூச்சின்னுல்ல நெனைச்சேன். இம்புட்டுப் பேச்சையும் எங்க வச்சிருந்த?"

நான் கதவுக்குள் கையை விட்டுத் துழாவ, இரண்டு பேரும் பால்கோவாவைத் தின்றுகொண்டு பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். முந்தானை ஒருவழியாகக் கிரீஸ் கறையோடு விடுபட்டபோது, "பொறவு யோசிக்க என்ன இருக்கு அண்ணாச்சி? கல்யாணத்தப் பொங்கல் கழிச்சு வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

ஆகவே லீவு போட்டு அவசியம் வரவும். உங்களையும் மூத்தவளையும் பேரப்பிள்ளைகளையும் கர்த்தர் தம் கண்மணிபோல் காப்பாராக.

இப்படிக்கு,
வேதசிரோமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது மூத்தவள் போன் பண்ணினாள், கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் விளையாடிவிடக் கூடாதென்று, பின்கண்ணாடிகளைப் பூட்டிவைக்கும் ஒரு பொத்தானை டிரைவர் பக்கத்தில் நீங்கள் அமுக்கிவிட்டுப் போனீர்களாமே! போய் அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன். நான் கை வைக்காத வலது பக்கக் கண்ணாடி வெண்ணெய்போல் இறங்கி ஏறுகிறது. ஆக, கண்ணாடியில் பழுது எதுவும் இருக்கவில்லை, இப்போதுதான் இருக்கிறது. மதுரைப் பட்டறைக்காரர் கதவையே மாற்றவேண்டும் என்கிறார்.