எழுந்து போன ஓட்டு

இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. கடை வாசலில் கிடந்த பழைய சோபா மேல் ஏறி நின்று, தெருவே கேட்கும்படி எடுத்தேன்.

எனக்குத் தொழில், பழைய மேஜை நாற்காலி கட்டில் பீரோ வாங்கி விற்பது. கீழே கடை, மாடியில் வீடு. அதற்கும் மேலே ஒரு அறை உண்டு. அதில் விற்காத பீரோக்கள் குடியிருக்கின்றன. படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. எல்லாம் அடிபட்டுக் கற்றது. முதல் பாடம், விலை படியவில்லையா, எழுந்து போய்விடு. நாலு எட்டு வைப்பதற்குள் விற்கிறவன் பின்னாலிருந்து கூப்பிடுவான். என்னைக் கூப்பிடாத ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் கூப்பிடாமல் தானாகத் திரும்பக் கூடாது. திரும்பினால் மானமும் போச்சு, விலையும் போச்சு. இரண்டாவது பாடம், வாங்க வருகிறவனை யோசிக்க விடாதே. கடை சாத்தப் போகிறேன் என்று சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கு. யோசனை நின்றுவிடும், பர்ஸ் திறந்துவிடும்.

முதல் பாடத்தைத்தான் இப்போது நான் வழக்கமாக ஓட்டுப் போடும் கட்சிக்கு நடத்தப் புறப்பட்டேன்.

காரணம் ஆணி. ஆணி என்பது என் தச்சன். வாயில் எந்நேரமும் ஆணிகளைக் கவ்விக்கொண்டே வேலை செய்வான், அதனால் அந்தப் பேர். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். மூன்று கால் நாற்காலியைக் கொடுத்தால் மறுநாள் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்த்தி நிறுத்துவான். அவன் மனைவியும் மகளும் அவன் ஊரில். 'வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லித்தான் என் கட்சி போன தடவை ஜெயித்தது. ஜெயித்த பிறகு, 'அழைக்கலாம், ஆனால் முதலாளி தங்க இடம் கொடுத்தால்தான்' என்று ஒரு வாலை ஒட்டிவிட்டது.

முதலாளி யார்? நான். இடம் எது? என் பீரோ அறை. வாக்குக் கொடுத்தது அவர்கள், அறையைக் காலி பண்ணுவது நானா?

என் மனைவி கடையின் அந்தக் கோடியில் சோபாவுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். துணி, மெத்தை எல்லாம் அவள் பொறுப்பு.

"கோபம்னா எதிர்க்கட்சிக்குப் போடுங்க" என்றாள்.

"அவன் வந்தா ஆணியையே ஊருக்கு அனுப்பிடுவேங்கிறான்."

"அப்போ இவங்களுக்கே போடுங்க."

"தவறாம வர்ற வாடிக்கைக்கு எவன் விலை குறைப்பான்? நாம எழுந்து போனாத்தான் பின்னாடி ஓடி வருவான்."

"கடைல எதுவும் வாங்காம வந்தா வெறுங்கையோட வரலாம்" என்றாள், தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க நீங்க வாங்காம வந்தாலும், வேற யாரோ பொறுக்கினதை உங்க வீட்ல கொண்டுவந்து இறக்கிட்டுப் போயிடுவாங்க. அடுத்த தேர்தல் வரைக்கும் அதுலதான் உட்காரணும். அதோட, நீங்க எழுந்து போறதை அவங்க பார்க்கவும் வேணுமே."

என் நியாயத்தைவிட என் குரல் பெரிது. அதை உபயோகித்தேன். அவள் அந்த மேல் அறையைக் கொடுத்தால் என்ன என்று ஆரம்பித்தாள். பீரோவை எல்லாம் உன் தலையிலா வைப்பது என்று கேட்டு அதை முடித்துவைத்தேன்.

ஆனாலும் அவள் சொன்னதில் ஒன்று உறைத்தது. அவர்கள் பார்க்க வேண்டும். என் கடைச் சுவரில் ஏற்கெனவே ஒரு பலகை உண்டு. 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.' என் கையெழுத்து. அதன் பக்கத்தில் இன்னொன்று எழுதி மாட்டினேன். 'இந்தக் கடையில் ஓட்டு இல்லை.'

என் கட்சியிலிருந்து ஒருவரும் ஓடி வரவில்லை. வந்தவர் மைக்செட்காரர். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர், எங்கள் தெருவில் எதிர்க்கட்சிக்குப் பொறுப்பு. திட்டத்தான் வருகிறார் என்று நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்."

உங்களுக்கும் நான் போடப் போவதில்லை என்று கறாராகச் சொன்னேன்.

"எதுக்குப் போடணும்? நீங்க வீட்லயே இருங்க. அதுவே பெரிய உதவி. பலகையை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுங்க, பெயிண்ட் நான் தர்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். பின்னால் சுத்தியல் சத்தம் நின்றது. ஆணி வாயிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். பேசுவதற்காக அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"அவர் ஏன் முதலாளி இவ்வளவு சந்தோஷமா போறார்?"

நான் போடாவிட்டால் ஆணியை அனுப்புகிறவனுக்குத்தான் லாபம், போட்டுத்தான் ஆக வேண்டும் என்று புரிந்துவிட்டது. ஆனால் சோபா மேல் ஏறி நின்று சொன்ன சொல் இருக்கிறதே. எழுந்து வந்தவன் நானாக எப்படித் திரும்புவது? யாராவது ஒருத்தர் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

தேர்தல் அன்று குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வாசல் சோபாவில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் வாக்காளர் அட்டை தற்செயலாக இருந்தது. மனைவி காலையிலேயே போய்ப் போட்டுவிட்டு வந்து, பூப்போட்ட துணி ஒன்றை எடுத்துவைத்துத் தைக்க உட்கார்ந்தாள். தெருவே என்னைக் கடந்து ஓட்டுப் போடப் போனது. ஒவ்வொருத்தர் முகத்தையும் ஆசையாகப் பார்த்தேன். ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. என்னை மதித்தார்கள். அவர் கொள்கைக்காரர், தொந்தரவு பண்ணாதே என்று ஒரு அப்பா தன் மகளை இழுத்துக்கொண்டு போனதை என் காதாலேயே கேட்டேன்.

வெயில் சாய்ந்தது. தெருவுக்குக் கேட்காமல் மனைவியிடம் சொன்னேன்.

"நீயாவது ஒரு வார்த்தை கூப்பிடக் கூடாதா?"

"நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்களே."

"கூப்பிட்டா அது வேற விஷயம்."

ஊசியில் நூலைக் கோத்தாள். "கூப்பிட்டா என்ன தருவீங்க?"

"உனக்கு என்ன வேணும்?"

"மேல் அறை. ஆணி குடும்பத்துக்கு."

என்னிடமே பேரமா? எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எழுந்து நடந்தேன். நாலு எட்டு வைத்தேன். சத்தமில்லை. காதைத் தீட்டிக்கொண்டு தெருமுனை விளக்குக் கம்பம் வரை போனேன். அதற்கு மேல் போக எனக்கு வேலை எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தேன்.

"அஞ்சு மணிக்குச் சாத்திடுவாங்க" என்றாள். "இன்னும் பத்து நிமிஷம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷம்தான்.

"பாதி அறை" என்றேன்.

"முழுசு. பீரோ எல்லாம் வெளியே."

"ஜன்னல் பக்கம் ஒரே ஒரு பீரோ..."

"எட்டு நிமிஷம்."

"சரி, எடுத்துக்கோ."

"என்கிட்ட சொன்னா? ஆணிகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். நம் தொழிலில் பேச்சு என்றால் பேச்சுதான். ஆணியின் வாயிலிருந்த ஆணிகள் எல்லாம் தரையில் கொட்டின. அவன் பொறுக்கக்கூட இல்லை.

ஒப்புக்கொண்டபடி அவள் மாடிக்குப் போய், தெரு பார்க்க நின்று, குரலில் தேனைக் குழைத்துக் கூப்பிட்டாள். "ஏங்க, எனக்காக இந்த ஒரு தடவை போயிட்டு வாங்களேன்." முடியாது என்று தலையாட்டினேன். இன்னொரு தடவை கெஞ்சினாள். அதற்கும் ஆட்டினேன். மூன்றாவது தடவை பெருமூச்சு விட்டு, இவ்வளவு சொல்கிறாளே என்று பக்கத்துக் கடைக்காரரிடம் அலுத்துக்கொண்டு, கம்பீரமாக நடந்தேன். முனை திரும்பியதும் ஓடினேன்.

வாக்குச்சாவடி வாசலில் மூச்சு இரைக்க நின்ற என்னைக் காவலர் தாங்கிப் பிடித்தார்.

"எதுக்கு சார் இந்த ஓட்டம்? ஏழு மணி வரைக்கும் நேரம் இருக்கே. மெதுவா வரிசைல நில்லுங்க."

வரிசை நீளமாக இருந்தது. என் ஷட்டர் வித்தையை என் மேலேயே இறக்கிவிட்டாளே என்று கொதிக்க நிறைய நேரம் கிடைத்தது. யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். சொன்னால் விலை இறங்கிவிடும்.

பேரம் ரத்து என்று சொல்வதற்காகவே வீட்டுக்கு வந்தேன். பொய் சொல்லி வாங்கினது எந்தச் சந்தையில் செல்லும்? படியெல்லாம் என் பீரோக்கள் வரிசையாக நின்று வழிவிட்டன. மேல் அறைக்கு வந்தேன். உள்ளே ஆணி ஒரு சின்னக் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தான். குழந்தைக் கட்டில். தொட்டுப் பார்த்தேன். வார்னிஷ் எப்போதோ காய்ந்திருந்தது. ஜன்னலில் பூப்போட்ட திரை ஆடியது. காலையிலிருந்து என் கண் முன்னால் அவள் தைத்த துணி.

"இந்தப் பேரம்..." என்று கத்த வாயைத் திறந்துகொண்டே திரும்பினேன்.

கதவில், என் கையெழுத்தில், என் கடைப் பலகை தொங்கியது. விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.