மானம் காக்க ஒரு செடி

இனி என் மானம் கொடியில் காயக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஆபீஸில் நான் மேனேஜர். வீட்டில் துணி காயப்போடுபவன். குடும்ப ரகசியம்தான். ஆனால் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர் ஈசிச்சேரில் சாய்ந்தபடி தினமும் கேட்பார்:

"என்ன சார், இன்னிக்குத் தலையணை உறையா?"

நர்சரிக்கு ஓடினேன்.

"கடலோர வீடு. உப்புக்காத்தைத் தாங்கணும். ஆள் உயரத்துக்கு மறைப்பா ஒரு செடி வேணும்."

"வருஷம் பூரா பச்சையா நிக்கும் சார். பழமும் விடும். நாளைக்கே அனுப்பறேன்."

வந்தது. நட்டேன். எரு போட்டேன். செடி பாய் விரித்த மாதிரி பக்கவாட்டில் படர்ந்தது. முழங்காலுக்கு மேலே வர மாட்டேன் என்றது. செடி குட்டை, வெளிப்பட்டது என் குட்டு.

அதோடு விட்டதா? கொத்துக்கொத்தாக ஊதாப் பழம். குருவிகள் வந்தன, தின்றன, கொடியில் உட்கார்ந்தன. பிறகு நடந்ததை வெள்ளை விரிப்புகள் சொல்லும்.

"ஏங்க, எல்லாத்துலயும் ஊதாப் பொட்டு! மறுபடி அலசிடுங்க" என்றாள் மனைவி.

"நானா?"

"பின்னே, குருவியா அலசும்?"

செடியை ஒழித்துக்கட்ட, கடல் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து வந்து ஊற்றினேன். கடலோரச் செடியாயிற்றே! உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்து, இரட்டிப்பாகக் காய்த்தது.

இடுப்புப் பிடித்ததுதான் மிச்சம். மனைவியிடம் புலம்பினேன். "நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்! நான் கேட்டது ஆள் உயரம்."

"அவரைத் திட்டாதீங்க. நான்தான் போன் பண்ணி, குட்டையா அனுப்பச் சொன்னேன்."

"எதுக்கு?"

"மாஸ்டர் வீட்டம்மா கெஞ்சிக் கேட்டாங்க. நீங்க வேலை செய்யறது அவர் கண்ணுல படணுமாம். 'பாத்துக் கத்துக்கோங்க'ன்னு தினமும் இடிச்சிருக்காங்க. இன்னிக்குத்தான் மனுஷன் ஈசிச்சேரை விட்டு எழுந்திரிச்சாரு."

எட்டிப் பார்த்தேன். டிரில் மாஸ்டர் கையில் வாளி! தோளில் ஈரத் துண்டு! ஒரு போர்வையை எந்த முனையில் பிடிப்பது என்று தெரியாமல் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனிமே அந்த ஆளு என்னைப் பாத்துச் சிரிக்க முடியாது!"

"எப்படிச் சிரிப்பாரு? அவருக்குப் பழகற வரைக்கும் அவங்க வீட்டுத் துணியையும் நீங்களே காயப்போட்டுக் காட்டுவீங்கன்னு சொல்லிட்டேனே!"